சாவு வீட்டு வழக்கங்கள்: உலகம் செய்தது என்ன? நாம் செய்வது என்ன?



சாவைப் பற்றிப் பத்திரிகையில் எழுதலாமா, அதை வீட்டில் வைத்து வாசிக்கலாமா என்று சிலர் யோசிக்கக் கூடும். கலியாணத்தைப் பற்றி எழுதுகிறோம், பிள்ளைப்பேற்றைப் பற்றி எழுதுகிறோம். ஒவ்வொரு வீட்டுக்கும் தவறாமல் வருகிற இந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசாமல் இருந்து விடுகிறோம். அதனால் அந்த நாள் வரும்போது என்ன செய்வது, எவ்வளவு செய்வது என்று தெரியாமல் தடுமாறுகிறோம்.

எங்கள் கண் முன்னே நடந்த இரண்டு சாவுகளைச் சொல்லி ஆரம்பிக்கிறோம். இரண்டும் ஒரே டிவிசனில், பக்கத்துப் பக்கத்து லயங்களில், ஒரே மாதத்தில் நடந்தவை. பெயர்கள் வேண்டாம்.

முதல் வீட்டில் ஒரு பெரியவர் இறந்தார். மகன்மார் மூன்று பேர். கொழும்பில் வேலை செய்யும் மூத்தவர் வந்து இறங்கியதும், "அப்பாவுக்கு ஒரு குறையும் இருக்கக் கூடாது" என்றார். டவுனிலிருந்து விலை கூடிய பெட்டி வந்தது. பேண்ட் வாத்தியம், டென்ட், படம் போட்ட பெனர், பட்டாசு, வீடியோ, மூன்று நாளும் வந்த சனத்துக்குச் சாப்பாடு. கருமாதி முடிந்து கணக்குப் பார்த்தபோது இரண்டு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. அதில் பாதிக்கு மேல் கடன். மூத்தவர் கொழும்புக்குப் போய்விட்டார். கிழமைக் கடன்காரர் லயத்து வாசலுக்கு வருவது தோட்டத்தில் இருக்கும் கடைசி மகனைத் தேடித்தான். அவருடைய மனைவியின் தோடு இன்னும் அடகில் இருக்கிறது. சாதாரண தரம் படிக்கும் மகளின் டியூஷன் நின்று போனது.

இரண்டாவது வீட்டில் இறந்தது, நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்தெடுத்து ஓய்வு பெற்ற ஒரு ஆத்தா. "எனக்கு மேளதாளம் ஒண்ணும் வேணாம். நாலு பேரு தூக்கிட்டுப் போங்க. மிச்சக் காசுல பேத்திக்குச் சப்பாத்து வாங்கிக் குடுங்க" என்று அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அப்படியே செய்தார்கள். அதற்கு லயத்தில் எவ்வளவு பேச்சு! "பெத்தவளை அனாதைப் பொணம் மாதிரி அனுப்பிட்டாங்க" என்று யாரோ சொன்னது மகளின் காதில் விழுந்தது. அந்த மகள் எங்களிடம் வந்து அழுதார். "நாங்க செஞ்சது தப்பாங்க ஐயா? ஆதியிலேருந்து வந்த முறைன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்றாங்களே, அது என்னா முறை?" என்று கேட்டார்.

அன்று இரண்டு வார்த்தை ஆறுதல் சொல்லித்தான் அனுப்பினோம். முழுப் பதிலை இங்கே எழுதுகிறோம். உலகத்து மக்கள் தங்கள் இறந்தவர்களை எப்படி அனுப்பினார்கள் என்று பார்த்தால்தான், எது முறை, எது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட ஆடம்பரம் என்று நாம் பிரித்துப் பார்க்க முடியும்.

மிகப் பழைய ஒரு குழி

ஆபிரிக்காவில் கென்யா என்று ஒரு நாடு. நம்மைப் போலவே தேயிலை பயிரிடும் நாடு. அங்கே பாங்கா யா சைதி என்ற குகையில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சிறு குழியைக் கண்டுபிடித்து, 2021ஆம் ஆண்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். ஏறக்குறைய 78,000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய குழி. அதில் இருந்தது மூன்று வயதளவிலான ஒரு குழந்தையின் எலும்புகள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கால்களை மடக்கி, இலையாலோ தோலாலோ உடம்பைச் சுற்றி, தலைக்கு ஏதோ ஒன்றை அணைவாக வைத்திருக்கிறார்கள். எலும்புகள் சாய்ந்து கிடந்த விதத்திலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள்.

அந்தக் காலத்தில் விவசாயம் இல்லை, வீடு இல்லை, நெய்த துணி இல்லை. இன்று நாம் அறிந்த எந்த மதமும் இல்லை. ஆனாலும் அந்தத் தாய் தகப்பன் குழந்தையை அப்படியே போட்டுவிட்டுப் போக மனமில்லாமல், தூங்க வைப்பது போலப் படுக்க வைத்திருக்கிறார்கள். ஆதி முறை என்று ஒன்றைச் சொல்வதானால், இதைத்தான் சொல்ல வேண்டும்.

மண்ணும் விறகும் தீர்மானித்தவை

அதன் பிறகு மனிதர்கள் உலகமெங்கும் பரவினார்கள். போன இடத்துக்கு ஏற்ப வழக்கமும் மாறியது. விறகு நிறைய உள்ள இடத்தில் எரித்தார்கள். மண் இளகிய இடத்தில் புதைத்தார்கள்.

திபெத் நாட்டு மலைகளில் தரை பாறையும் பனியுமாக இருக்கும். குழி வெட்டுவது கஷ்டம். மரமும் குறைவு. அங்கே பிரேதத்தை மலைமேல் கொண்டு போய்க் கழுகுகளுக்கு உணவாகக் கொடுக்கும் வழக்கம் உண்டு. கேட்கும்போது நமக்கு மனம் கூசும். ஆனால் அவர்களுக்கு அது ஒரு தானம். உயிர் போன உடம்பு இன்னொரு உயிரின் பசியை ஆற்றுகிறது என்பது அந்த மக்களின் பௌத்த நம்பிக்கை.

பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பார்சி மக்கள் நெருப்பையும் மண்ணையும் புனிதமாகக் கருதுகிறார்கள். பிரேதத்தால் அவை தீட்டுப்படக் கூடாது என்பதற்காக, வட்டமான உயர்ந்த கட்டடத்தின் மேல் பிரேதத்தை வைப்பார்கள். கழுகுகள் வந்து காரியத்தை முடிக்கும். ஆனால் 1990ஆம் ஆண்டுகளில் இந்தியாவில் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துதான் காரணம் என்று பிறகு தெரிய வந்தது. செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகம் கெட்டுப் போனது. மாடுகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதை 2006இல் இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஆனால் போன கழுகுகள் திரும்பி வரவில்லை. மும்பையில் உள்ள பார்சிகள் சிலர் மின் தகனத்துக்கு மாறினார்கள். ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கமே ஒரு மாட்டு மருந்தால் மாறிப் போனது. மாறினாலும் அவர்கள் பார்சிகளாகத்தான் இருக்கிறார்கள்.

தமிழரிடம் ஒரே முறையா இருந்தது?

"தமிழன்னா எரிக்கணும்" என்று சிலர் சொல்வார்கள். "நம்ம பக்கம் பொதைக்கிறதுதான் வழக்கம்" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் பாதி உண்மை.

தமிழ்நாட்டில் தாமிரபரணி ஆற்றங்கரையில் ஆதிச்சநல்லூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே பழங்காலத்து மக்கள் இறந்தவரைப் பெரிய மண் தாழிக்குள் வைத்துப் புதைத்தார்கள். முதுமக்கள் தாழி என்று அதைச் சொல்வார்கள். தாழிக்குள் நெல் உமி, சட்டி பானை, இரும்புக் கருவிகள் எல்லாம் கிடைத்தன. போகிறவருக்கு வழிச் சாப்பாடு கட்டிக் கொடுத்தது போல. நம் நாட்டிலும் புத்தளம் பக்கம் பொம்பரிப்பில் இதே மாதிரித் தாழிகள் கிடைத்திருக்கின்றன. மாத்தளையிலிருந்து வடக்கே போனால் தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவை என்ற இடத்தில், கற்பலகைகளால் பெட்டி போலக் கட்டி, எரித்த சாம்பலையும் எலும்பையும் பானையில் வைத்த கல்லறைகள் இருக்கின்றன. அவை 2,400 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை. பஸ்ஸில் போகும்போது இறங்கிப் பார்க்கலாம்.

மணிமேகலை என்ற பழைய காப்பியத்தில் பூம்புகார் மயானத்தைப் பற்றி ஒரு இடம் வருகிறது. ஒரே மயானத்தில் ஐந்து விதமாக மக்கள் பிரேதத்தை அனுப்பியதாக அதில் சொல்லப்படுகிறது. எரித்தவர்களும் இருந்தார்கள், குழியில் புதைத்தவர்களும் இருந்தார்கள், தாழியால் மூடியவர்களும் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் "முறை கெட்டவர்" என்று ஏசியதாக அங்கே இல்லை.

நம் தோட்டங்களில் பெரும்பாலும் புதைக்கிறோம். எரிக்க விறகும் இல்லை, இடமும் இல்லை, செலவும் கூட. அதனால் யாருக்கும் மோட்சம் குறைந்து போகாது.

மதங்கள் சொல்வது

இஸ்லாமியர் ஜனாஸாவைக் குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணியில் சுற்றி, தொழுகை நடத்தி, தாமதம் இல்லாமல் அடக்கம் செய்கிறார்கள். ஆணுக்கு மூன்று துண்டுத் துணி, பெண்ணுக்கு ஐந்து துண்டு. கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் அதே வெள்ளைத் துணிதான்.

கிறிஸ்தவர்கள், கடைசி நாளில் உடம்போடு உயிர்த்தெழுவோம் என்ற நம்பிக்கையால், நெடுங்காலம் புதைக்கவே செய்தார்கள். ஐரோப்பிய நகரங்களில் சனம் பெருகிக் கல்லறைகள் நிரம்பி வழிந்தபோது, எரிக்கலாமா என்ற பேச்சு எழுந்தது. இங்கிலாந்தில் வோக்கிங் என்ற ஊரில் 1885இல் முதல் தகனம் நடந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் தகனத்துக்கு அனுமதி கொடுத்தது. இன்றும் புதைப்பதையே அது விரும்புகிறது.

நம் அயலிலுள்ள சிங்களக் கிராமங்களில் எரிப்பதும் உண்டு, புதைப்பதும் உண்டு. பாதை நெடுக வெள்ளைக் கொடி கட்டுவார்கள். பிக்குமாருக்கு வெள்ளைத் துணி கொடுத்து, இறந்தவருக்குப் புண்ணியம் சேர்ப்பார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரிவதில்லை. அயல் வீட்டார்தான் சோறு சமைத்துக் கொண்டு வந்து கொடுப்பார்கள்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. கொவிட் காலத்தில், 2020 ஏப்ரலில், அந்த நோயால் இறந்த எல்லாரையும் எரிக்கவே வேண்டும் என்று நம் நாட்டில் கட்டளை போட்டார்கள். புதைத்தாலும் பாதுகாப்புத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தது. அப்படியிருந்தும் முஸ்லிம் குடும்பங்கள் கண்ணீரோடு பார்த்திருக்க, ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. கைக்குழந்தையின் ஜனாஸாவும் அதில் ஒன்று. அப்போது பல இன மக்களும் பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணித் துண்டுகளைக் கட்டித் தங்கள் துக்கத்தைக் காட்டினார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அந்தக் கட்டளை மாற்றப்பட்டது. மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்பதாக அரசாங்கம் தீர்மானித்தது. மன்னிப்புக் கேட்டாலும், எரித்ததைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

இதை ஏன் சொல்கிறோம்? செலவைக் குறையுங்கள் என்று எழுதப் போகிறோம். அதற்காக, மனதுக்கு ஆறுதல் தரும் சடங்கை விட்டுவிடுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. வாய்க்கரிசி போடுவதும், கொள்ளிக்குடம் உடைப்பதும், ஒப்பாரி வைத்து அழுவதும் துக்கத்தை இறக்கி வைக்கிற வழிகள். ஒருவருடைய சடங்கைப் பறிப்பது பெரிய பாவம். அதே நேரம் பட்டாசும் பெனரும் சடங்கு ஆகாது.

ராசா வீட்டுச் சாவு

ஆடம்பரம் எங்கிருந்து வந்தது? ராசாக்களிடமிருந்து வந்தது.

எகிப்து நாட்டில் பெரியவர்களின் உடலைக் கெடாமல் பாடம் செய்வதற்கு 70 நாள் எடுத்தார்கள். ஈரலையும் குடலையும் எடுத்துத் தனிச் சாடிகளில் வைத்து, நேட்ரான் என்ற ஒரு வகை உப்பால் உடலைக் காய வைத்து, துணியால் சுற்றினார்கள். கூஃபு என்ற ராசாவின் கல்லறையாக, ஏறக்குறைய 4,500 ஆண்டுகளுக்கு முன், பெரிய பிரமிட்டைக் கட்டினார்கள். அதில் சுமார் 23 லட்சம் கற்கள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதே நாட்டு ஏழைகளைப் பாயில் சுற்றிப் பாலைவன மணலில் புதைத்தார்கள். அந்தச் சூடான மணல் சில ஏழைகளின் உடலைத் தானாகவே காய வைத்துக் காப்பாற்றியது. ராசாவின் கல்லறைகளையோ பெரும்பாலும் கள்ளர்கள் உடைத்துக் கொள்ளையடித்தார்கள்.

ராசாவைப் பார்த்துப் பணக்காரன் செய்தான். பணக்காரனைப் பார்த்து நாமும் செய்யத் தொடங்கினோம். இந்தோனேசியாவில் சுலவேசித் தீவில் தொராஜா என்ற மக்கள் இருக்கிறார்கள். சாவு விழாவுக்கு வேண்டிய பணம் சேரும்வரை இறந்தவரைப் பாடம் செய்து மாதக்கணக்கில், சிலவேளை வருடக்கணக்கில், வீட்டிலேயே வைத்திருப்பார்கள். அதுவரை அவரைச் "சுகமில்லாதவர்" என்றுதான் சொல்வார்கள். பிறகு எருமைகளை வெட்டிப் பெரிய விருந்து. எத்தனை எருமை என்பதில்தான் குடும்பத்தின் மானம். அதனால் கடன்பட்டு நிற்கும் குடும்பங்கள் அங்கேயும் உண்டு. நம் லயத்துக் கதை கடல் தாண்டியும் நடக்கிறது.

செலவுக்குக் கடிவாளம் போட்டவர்கள்

சாவுச் செலவைக் குறைக்க வேண்டும் என்பது இன்றைக்கு நாங்கள் கண்டுபிடித்த புத்தி அல்ல. கி.மு. 450ஆம் ஆண்டளவில் ரோமாபுரியில் பன்னிரண்டு பலகைகளில் சட்டம் எழுதி வைத்தார்கள். அதில் சாவு வீட்டுக்கும் சட்டம் இருந்தது. குழல் ஊதுவோர் பத்துப் பேருக்கு மேல் கூடாது. எரிக்கும் விறகைச் சீவி மெருகேற்றக் கூடாது. பெண்கள் கன்னத்தைக் கீறிக்கொண்டு அழக் கூடாது. எரியப் போகிற விறகைப் பளபளப்பாக்கி என்ன பயன் என்று அன்றைக்கே கேட்டிருக்கிறார்கள்!

யூத மக்களின் பழைய நூலான தல்மூதில் ஒரு செய்தி உண்டு. ஏறக்குறைய 1,900 ஆண்டுகளுக்கு முந்திய கதை. சாவுச் செலவு அவ்வளவு ஏறிப் போனதாம். ஆள் செத்த துக்கத்தைவிடச் செலவு பெரிதாகி, சொந்தக்காரர்கள் பிரேதத்தைப் போட்டுவிட்டு ஓடும் நிலை வந்ததாம். அப்போது ரப்பான் கமாலியேல் என்ற பெரிய குரு, "நான் செத்தால் என்னைச் சாதாரணத் துணியில் சுற்றி அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்தார். அவ்வளவு பெரிய மனிதரே சாதாரணத் துணியில் போனபோது, ஏழைக்கு இனி என்ன வெட்கம்? அவரைப் பார்த்து எல்லாரும் மாறினார்கள். இன்றும் யூதர்களிடம் எளிய வெள்ளைத் துணிதான் வழக்கம்.

கவனியுங்கள். முதலில் மாற வேண்டியவர் வசதி உள்ளவர். நம் தோட்டத்திலும் கணக்கப்பிள்ளை வீட்டிலும் தலைவர் வீட்டிலும் எளிமையாக நடந்தால், மற்ற வீடுகளுக்குப் பெரிய பாரம் குறையும்.

அடிமைகள் சேர்ந்த மரண உதவிச் சங்கம்

எங்களுக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். இத்தாலியில் ரோமாபுரிக்குத் தெற்கே லனுவியம் என்று ஒரு ஊர். அங்கே கி.பி. 136ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கல்வெட்டு கிடைத்தது. அது வேறொன்றுமில்லை, ஒரு மரண உதவிச் சங்கத்தின் யாப்பு!

சேரும்போது 100 நாணயமும் ஒரு சாடி நல்ல வைனும் கொடுக்க வேண்டும். பிறகு மாதாமாதம் ஒரு சிறு தொகை சந்தா. அங்கத்தவர் இறந்தால் சங்கம் 300 நாணயம் கொடுக்கும். அதில் 50 நாணயம், பிரேத ஊர்வலத்தில் வந்த அங்கத்தவர்களுக்குப் பகிரப்படும். வெளியூரில் இறந்தால் மூன்று பேர் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்து கணக்குக் காட்ட வேண்டும். சந்தா கட்டாமல் நிலுவை வைத்தவருக்கு உதவி கிடையாது. கூட்டத்தில் சண்டை பிடித்தால் அபராதம். நம் சங்கத்துக் கூட்டத்தைப் பார்த்து எழுதியது போல இல்லையா?

அதில் அடிமைகளும் அங்கத்தவர்கள். எசமான் மனமில்லாமல் அடிமையின் பிரேதத்தைக் கொடுக்க மறுத்தால், சங்கம் அவருடைய உருவம் ஒன்றைச் செய்து வைத்து இறுதிச் சடங்கை நடத்தும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. உயிரோடு இருந்தபோது உடம்பு எசமானுடையது. செத்த பிறகும் உடம்பு கிடைக்கவில்லை. அப்போதும் கூட்டாளிகள், "இவன் எங்கள் ஆள்" என்று நின்று அனுப்பி வைத்தார்கள். பணம் இல்லாதவனுக்கு மானமான சாவைக் கொடுத்தது பணக்காரன் அல்ல, அவனைப் போன்ற மற்றவர்கள்.

சாவு வீட்டில் கை கொடுப்பது எல்லா நாட்டிலும் உண்டு. ஜப்பானில் கிட்டத்தட்ட எல்லாரையும் தகனம் செய்கிறார்கள். எரித்த பிறகு குடும்பத்தார் இரண்டு இரண்டு பேராக நின்று, குச்சிகளால் ஒரே எலும்பைச் சேர்ந்து தூக்கிச் சாடியில் வைப்பார்கள். வருகிறவர்கள் உறையில் பணம் கொண்டு வருவார்கள். அதைக் கொப்பியில் பெயர் போட்டு எழுதி வைப்பார்கள். நம் மொய்க் கொப்பியேதான்.

நம் முன்னோருக்குக் கிடைக்காதது

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கு என்று தமிழ்நாட்டிலிருந்து வந்த நம் முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளை வரை நடந்து வந்தார்கள். வாந்திபேதி, அம்மை, காய்ச்சல், பசி. வழியில் விழுந்தவர்கள் அநேகம். பலருக்குக் குழியும் இல்லை, கொள்ளியும் இல்லை, அழுவதற்கு நேரமும் இல்லை. கூட்டம் நடந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது.

2023ஆம் ஆண்டு, நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைத்து, ஜூலை கடைசியில் தலைமன்னாரில் தொடங்கி ஆகஸ்டில் மாத்தளை வரை பலர் நடந்தார்கள். இனம், மதம் பாராமல் நடந்தார்கள். பெயர் தெரியாத அந்த முன்னோருக்கு நாம் செய்த கருமாதி என்று அதைச் சொல்லலாம். அதற்குப் பெட்டியும் பேண்டும் தேவைப்படவில்லை.

அனாதையாகச் செத்த முன்னோரின் பிள்ளைகள் என்பதால்தானோ என்னவோ, நம் தோட்டங்களில் சாவு என்றால் எல்லாரும் ஓடி வருகிறோம். பேசாத குடும்பமும் வந்து வாசலில் நிற்கும். இளைஞர்கள் அன்றைய பேரை விட்டுவிட்டுக் குழி வெட்டப் போவார்கள். மழையில் வழுக்கும் தேயிலை மலைப் பாதையில் தோள் மாற்றித் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். நாட்கூலிக்காரன் ஒரு நாள் பேரை விடுவது எவ்வளவு பெரிய மொய் என்று நமக்குத் தெரியும்.

எது பழைய முறை என்று இப்போது சொல்லுங்கள். தோள் கொடுப்பது 78,000 வருடத்துக்கு முந்தியது. டென்டும் வீடியோவும் நேற்று வந்தது.

நாம் செய்யக் கூடியவை

1. ஒவ்வொரு டிவிசனிலும் மரண உதவிச் சங்கத்தைப் பலப்படுத்துங்கள். பேர் பதிந்த தொழிலாளர் மட்டுமல்ல, ஓய்வு பெற்றவர்களும், தனியாக இருக்கும் முதியவர்களும், வெளியில் கைகாசுக்கு வேலை செய்பவர்களும் சேர இடம் கொடுங்கள். பணம் வங்கியில் இருக்கட்டும். எடுக்க இரண்டு பேரின் கையொப்பம் வேண்டும். கணக்கை மாதக் கூட்டத்தில் உரக்க வாசியுங்கள்.

2. சாவு வீட்டில் சாப்பாட்டுச் செலவை அந்த வீட்டார் தலையில் போடாதீர்கள். லயத்துக்கு ஒரு வேளை என்று பிரித்து, மற்றவர்கள் சமைத்துக் கொடுங்கள். தேத்தண்ணீரும் பிஸ்கட்டும் போதும். சாராயம் வேண்டவே வேண்டாம்.

3. சாவுச் செலவுக்கு என்று கிழமைக் கடன் எடுக்காதீர்கள். அந்த வேளையில் யார் எதில் கையெழுத்து வைக்கிறோம் என்று தெரியாமல் வைப்போம். வட்டி மட்டும் தெளிவாக ஓடும். அண்ணன் தம்பிமார் பெரிய செலவு சொன்னால், யார் எவ்வளவு கொடுப்பது என்று அங்கேயே பேசி முடியுங்கள்.

4. பெரியவர்களே, உங்கள் விருப்பத்தை நீங்கள் உயிரோடு இருக்கும்போதே நாலு பேர் முன்னால் சொல்லி வையுங்கள். பிறகு ஊர்ப் பேச்சிலிருந்து பிள்ளைகளை அது காப்பாற்றும்.

5. இறப்பைத் தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவித்துப் பதிவு செய்யுங்கள். மரணச் சான்றிதழில் பெயர், அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் எடுக்க அது வேண்டும். ஒரு எழுத்துப் பிழையால் மாதக்கணக்கில் அலைந்த குடும்பங்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

6. குடி தண்ணீர் எடுக்கும் ஊற்றுக்கு மேற்புறத்தில் குழி வெட்டாதீர்கள். மழைக்கு மண் அரிக்கும் சரிவையும் தவிருங்கள். குழி நல்ல ஆழமாக இருக்கட்டும்.

7. புருசனை இழந்த பெண்ணைக் கூட்டத்துக்கு நடுவில் உட்கார வைத்து வளையல் உடைப்பதும் பூவைப் பறிப்பதும் வேண்டுமா என்று யோசியுங்கள். 1829இல் வங்காளத்தில் உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தபோது, "இது எங்கள் முறை" என்று சொல்லி எதிர்த்தவர்கள் இருந்தார்கள். இன்று அதை முறை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

8. குழி வெட்டியவருக்கும் தப்பு அடித்தவருக்கும் தூரத்தில் நிற்க வைத்துத் தேத்தண்ணீர் கொடுக்கும் வழக்கம் இருந்தால், அதை இன்றோடு விட்டுவிடுங்கள். நம்மைக் கடைசியாகத் தொட்டு அனுப்பப் போகிறவர்கள் அவர்கள்.

முடிவாக, அழுதுகொண்டு வந்த அந்த மகளுக்கு. அம்மா, உங்கள் ஆத்தாவைக் குளிப்பாட்டினீர்கள். கோடித் துணி போர்த்தினீர்கள். வாய்க்கரிசி போட்டீர்கள். லயத்து ஆட்கள் தூக்கினார்கள், பிள்ளைகள் மண் போட்டீர்கள். அவர் கேட்டபடி பேத்திக்குச் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தீர்கள். இதில் எந்த முறை குறைந்தது? நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை.

கடனில் இருக்கும் அந்தக் கடைசி மகனையும் நாம் குறை சொல்லக் கூடாது. அவரும் அப்பா மேல் உள்ள பாசத்தில்தான் செய்தார். ஆனால் அவருடைய மகளின் படிப்பு நிற்கக் கூடாது. அதற்கு என்ன செய்யலாம் என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் பேசுவோம். அன்றைக்குத் தகப்பனைத் தூக்கத் தோள் கொடுத்தவர்கள் இன்றைக்குப் பேத்திக்கும் கை கொடுக்க மாட்டார்களா? எல்லாரும் தவறாமல் வாருங்கள்.